ஸ்கூட்டருக்குக் காவலாக வந்த கேமரா

ஆர்.கே.புரம், புது தில்லி
18 ஜனவரி 1987, ஞாயிறு

சிரஞ்சீவி சேஷனுக்கு, அத்திம்பேர் வேதாந்தம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா அனந்தலக்ஷ்மியும் க்ஷேமம். ஸ்கூட்டர் க்ஷேமமில்லை.

எங்கள் பெண் வைதேஹி தவழ்ந்துகொண்டிருந்தபோது பதிவு செய்து, அவள் காலேஜில் சேர்ந்த பிறகு கைக்கு வந்த வண்டி அது. போகிற வருகிற வண்டியெல்லாம் அதை உரசிவிட்டுப் போகிறது என்று நான் புலம்பியதற்கு, நீ சிங்கப்பூரிலிருந்து கேமராவைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் கட்டி, ஒயர் இழுத்து டெலிவிஷனில் சேர்த்துக் கொடுத்தாய். “அத்திம்பேர், இனிமே நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே காவல் காக்கலாம்” என்றாய். உன் வாக்கு பலித்துவிட்டது. ஒருவருமே எழுந்திருக்கவில்லை.

முதல் நாளே விஷயம் பரவிவிட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாட்டியா, தான் டெலிவிஷனில் வருவதை மனைவி பார்க்க வேண்டுமென்று அவளை எங்கள் ஹாலில் உட்காரவைத்துவிட்டு, காரில் எங்கள் வாசலையே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசிச் சுற்றில் ஸ்கூட்டரை உரசியவரும் அவர்தான். ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். மரியாதைக்கு நானும் தட்டினேன். காய்கறி வண்டிக்காரர் தலைவாரிக்கொள்ளாமல் இப்போதெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டுவதில்லை. வருகிறவர்களுக்கு டீ போட்டே உன் அக்காவுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

இன்று காலை ஹால் நிரம்பி வழிந்தது. திரையில் குரங்குக் குல்லாய் போட்ட ஒருவன் வந்தான். இந்தக் குளிரில் தில்லியில் குரங்குக் குல்லாய் போடாதவன் யார்? வண்டியை இடது பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, ஒரே உதையில் கிளப்பினான். வாங்கின நாளாக நான் அப்படிக் கிளப்பியதில்லை. “ஷாபாஷ்” என்றார் பாட்டியா. அது என் வண்டி என்று எனக்கு உறைப்பதற்குள் அவன் திரையை விட்டுப் போய்விட்டான். வாசலுக்கு ஓடலாமென்றால் கால் வைக்க இடமில்லை. “ஃபிர் ஸே திகாயியே, வேதாந்தம்ஜி” என்று, அதை மறுபடி போட்டுக் காட்டச் சொல்கிறார் பாட்டியா.

போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி உண்டா என்றார்கள். ஹால் கொள்ளாத சாட்சி என்றேன். இத்தனை பேரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார்கள். நேரே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன், சேஷா. சாப்பாடு இறங்கவில்லை. வெறும் வாசலைப் பார்த்தால் அழுகை வருகிறது.

ஆகவே உடனே யாரையாவது அனுப்பி இந்தக் கேமராவை எடுத்துப்போகச் சொல். உன் மேல் எனக்குக் கோபமில்லை. கொஞ்ச காலம் உன் முகத்தில் விழிக்காமல் இருந்தால் போதும். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். அவர்களாவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வேதாந்தம்

பின்குறிப்பு: காலையில் மலை மந்திர் முருகனைத் தரிசிக்கப் போயிருந்த உன் அக்கா இப்போதுதான் வந்தாள். “ஏன்னா, சர்வீஸுக்கு எடுத்துண்டு போகச் சொல்லி மெக்கானிக் லட்சுமணன்கிட்ட சாவியைக் குடுத்ததே நான்தான். கிளம்பறச்சே உங்க காதுல போட்டேனே. ‘டிவியை மறைக்காதே, தள்ளி நில்லு’ன்னேள்” என்கிறாள். லட்சுமணன் வண்டியோடு வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். திரையில் தெளிவாகத் தெரிகிறது. திருடன் திரும்பி வந்துவிட்டான் என்று பாட்டியா முன்கதவைத் தாழிட்டுவிட்டு அதன்மேல் சாய்ந்து நிற்கிறார். உன் அக்கா பின்கதவு வழியாகப் போய் கேட்டைத் திறக்கிறாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கேமரா இங்கேயே இருக்கட்டும்.