படிக்காமல் தட்டவும்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மேசைகளில் விசைப்பலகைகள் தேவைக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது ஒரு திங்கட்கிழமை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் இயக்குநர். ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். போய்வந்தவர் சும்மா இருந்தால் போனதற்கு என்ன மரியாதை?

பையிலிருந்து ஒரு குட்டிப் பலகையை எடுத்து வைத்தார். மரச்சட்டம். உள்ளங்கையால் மூடிவிடலாம்.

"பாக்கி விசையெல்லாம் எங்கே சார்?" என்றார் தலைமை எழுத்தர்.

"பாக்கியே கிடையாது. ஒரு விசையே பல வேலை பார்க்கும். தட்டினா ஒண்ணு. அழுத்திப் பிடிச்சா இன்னொண்ணு. இடம் மிச்சம்."

"மிச்ச இடத்துல என்ன சார் வைக்கப்போறோம்?"

"எதையும் வைக்கக் கூடாது. மேசை காலியா இருந்தாத்தான் ஆபீஸ் நவீனமாத் தெரியும்."

பழைய பலகைகள் மாடிப்படிக்கு அடியில் போயின.

எந்த விசைக்கு எந்த வேலை என்று பலகைக்கு உள்ளேயே எழுதிவைக்க வேண்டும். ஃபர்ம்வேர் என்று அதற்குப் பெயர். எழுதும் பொறுப்பு கணினிப் பிரிவுக்கு வந்தது. பிரிவு என்றால் ஒரே ஆள். தலைமை எழுத்தரின் மச்சினன். என்ன எழுதுவது என்று சொல்ல ஒரு குழு கூடியது. வலது ஓர விசையைத் தட்டினால் மனுவுக்கு ஒப்புதல். அதையே அழுத்திப் பிடித்தால் நிராகரிப்பு. நிராகரிப்பது கனமான காரியம், ஆகவே விரலும் கனமாக இருக்க வேண்டும் என்று குழு காரணம் சொன்னது. எவ்வளவு நேரம் பிடித்தால் பிடித்ததாக அர்த்தம்? கால் நொடி. இதை முடிவு செய்யக் குழுவுக்கு ஒரு மாதம் பிடித்தது.

எது நடந்தாலும் திரையில் 'பரிசீலனை நிறைவுற்றது' என்று மட்டும் வரட்டும் என்றார் இயக்குநர். பார்க்க அடக்கமாக இருக்குமாம்.

தலைமை எழுத்தருக்கு ஒரு பழக்கம். மனுவைப் படிப்பார். படித்து முடித்து, விசைமேல் விரலை அழுத்தியபடியே கடைசி வரியை இன்னொரு தடவை பார்ப்பார். அந்தத் தெருக் குழாய் இன்னும் ஒரு வீட்டைத் தாங்குமா தாங்காதா என்பது அந்த வரியில்தான் இருக்கும். தாங்கும் என்றால் விரலை எடுப்பார். பழைய பலகையில் இதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

பக்கத்து மேசைக்காரருக்கு இந்த வியாதி கிடையாது. காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசியைச் செருகிக்கொண்டு, பேச்சின் ஊடே விசையை ஒரு சுண்டு சுண்டுவார். அவ்வளவுதான் பரிசீலனை.

பலகை தன் கடமையைச் செய்தது. படித்த மனுவெல்லாம் தள்ளுபடி. படிக்காத மனுவுக்கெல்லாம் தண்ணீர்.

தலைமை எழுத்தருக்கு இது தெரியவந்தது சொந்த வீட்டு மனுவால். புது வீடு கட்டியிருந்தார். குழாய் மட்டும் இல்லை. "தண்ணி வந்தா சொல்லியனுப்புங்க" என்று மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மனுக்களைப் பிரித்துக் கொடுப்பது கணினி. அது உறவு பார்க்காது. அவர் வீட்டு மனு அவரிடமே வந்தது. தன் வீடு என்பதால் கூடுதல் கறாராக, கடைசி வரியை நன்றாகப் பார்த்தார்.

மறுநாள் கைபேசிக்குச் செய்தி வந்தது: தங்கள் மனு தலைமை எழுத்தரால் நிராகரிக்கப்பட்டது.

மச்சினனிடம் போனார்.

"மாப்ள, என்னை நானே நிராகரிச்சிருக்கேன். என்னன்னு பாரு."

மச்சினன் அவர் விரலைப் பார்த்தான். "விசையில விரலை வெச்சுக்கிட்டு யோசிக்கிறீங்க மாமா. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அது முடிவு பண்ணிடுது."

"நிராகரிப்பை வேற விசைக்கு மாத்து."

"ஒரு வரி மாத்தினாப் போதும். ஆனா ஒப்புதல் வேணும்."

"யாரோட ஒப்புதல்?"

"உங்களோடதுதான்."

மாற்றக் கோரும் மனு தலைமை எழுத்தரின் திரைக்கு வந்தது. முக்கியமான மனு. விசைமேல் விரலை வைத்தபடி பொறுப்பாகப் படித்தார். பரிசீலனை நிறைவுற்றது. மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"வீட்ல ஒரே அடுப்படி மாமா. அங்க அக்கா, என் பொண்டாட்டி, ரெண்டு பேர். ஒரு விசைக்கு ரெண்டு வேலை குடுக்கலாம். ஒரு அடுப்படிக்கு ரெண்டு பேரைக் குடுக்கக் கூடாது. என்னைக் காப்பாத்துங்க."

தலைமை எழுத்தர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேசைவாரி ஒப்புதல் கணக்கு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மேசையில எல்லாமே நிராகரிப்பு. பக்கத்து மேசையில எல்லாமே ஒப்புதல். சராசரி எடுத்தா எவ்வளவு நடுநிலையான ஆபீஸ், பாருங்க."

"நியாயமான மனுவெல்லாம் போகுது சார்."

"விசையில கோளாறு இல்லையே. கோளாறு யோசனையிலதானே?"

மாலையில் சுற்றறிக்கை வந்தது. 'விசையின்மீது விரல் இருக்கும் தருணங்களில் அலுவலர்கள் சிந்திப்பதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சிந்தனை இன்றியமையாதது எனக் கருதும் பட்சத்தில், மேற்படி சிந்தனையை அலுவலகத்துக்கு வெளியே, சொந்தப் பொறுப்பில் மேற்கொள்ளலாம்.'

விஷயம் ஊருக்குள் கசிந்தது. பக்கத்து மேசை முன்னால் கூட்டம் அலைமோதியது. இடம் கிடைக்காதவர்கள் தலைமை எழுத்தரிடம் வந்து கைகூப்பினார்கள். அவர் தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவரும் வந்தார்.

"சார், நான் உங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே. என் மனுவை மட்டும் படிச்சிடாதீங்க."

"படிக்கிறதுக்குத்தான்யா என்னை உட்கார வெச்சிருக்காங்க."

"புள்ளகுட்டிக்காரன் சார். கருணை காட்டுங்க."

அன்றே மச்சினன் வீட்டில் பாடம் ஆரம்பமானது. சாப்பாட்டு மேசையில் ஒரு பாட்டில் மூடி. அதுதான் விசை.

"சுடுற கல்லைத் தொடுற மாதிரி, மாமா. தொட்டீங்க, எடுத்துட்டீங்க. பார்க்கவே கூடாது."

"பார்க்காம எப்படிடா கையெழுத்து மாதிரி ஒரு காரியத்தை..."

"பாருங்க, யோசிக்கிறீங்க. விரல் நின்னுடுச்சு."

மனைவி கதவோரம் நின்று பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பார்க்க வந்தப்போ இவ்வளவு யோசிச்சீங்களா? அப்ப மட்டும் டக்குனு தலையாட்டினீங்க." தம்பி மனைவி உள்ளே பாத்திரத்தைப் பலமாக வைத்தார்.

மறுநாள் தலைமை எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். தன் வீட்டு மேல்முறையீட்டைத் தட்டினார். சலவைக்கடைக்காரருடையதைத் தட்டினார். கை பழகியதும் சுகமாக இருந்தது. மத்தியானத்துக்குள் மேசை காலி. இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த வாரமே குழாய் போட்டார்கள். மனைவி பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியைத் தூக்கிவந்த மச்சினன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குழாயைத் திறந்தார்கள். குழாய் இருமியது. ஒரு பெருமூச்சு விட்டது. அதோடு சரி.

"காத்துதாங்க வருது" என்றார் மனைவி.

தெருவே வாளியோடு வெளியே நின்றது. வீட்டுக்கு வீடு புதுக் குழாய், எல்லாவற்றிலும் காற்று. சலவைக்கடைக்காரர்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார், குழாய் தாங்குமான்னு படிச்சுப் பார்த்துக் குடுத்திருக்க வேணாமா? என்னதான் வேலை பார்க்கிறீங்க?"

தலைமை எழுத்தர் உள்ளே போய்ப் புகார் எழுதி அனுப்பினார்.

புகார்களுக்கும் அதே விசைதான். தட்டினால் 'குறை தீர்க்கப்பட்டது'. அழுத்திப் பிடித்தால் 'குறை என்று ஒன்றும் இல்லை'. மறுநாள் காலை அவர் புகார் அவர் திரைக்கே வந்தது. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டே முழுக்கப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை பார்த்தார். எழுதியவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

தட்டினார். டக்கென்று. மச்சினன் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

கைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, தண்ணி வந்துடுச்சுன்னு உங்க ஆபீஸ்லேருந்து சேதி வந்திருக்கு."

"வந்துடுச்சா?"

"சேதி வந்துடுச்சு."