ரோசமான துண்டு

கரண்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள ஒரு மாமனாரும், இரண்டு காளைகளும், ஒரு ஈரத் துண்டும் தேவைப்பட்டன.

மலைமேல் பைகாராவிலிருந்து கோயமுத்தூருக்குக் கரண்டு வந்த புதிது. நான் ஒரு மில்லில் குமாஸ்தா. மோட்டார் அறைக்கு இரண்டு கதவு தள்ளி உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவன். (சொந்தக்காரர்களிடம் பேசும்போது அந்த இரண்டு கதவை மட்டும் விட்டுவிடுவேன்.) கல்யாணமாகி ஆறு மாதம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி மனைவி ராமாத்தாளைக் கோபிசெட்டிபாளையத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அந்த இடைவெளியில் வீட்டுக்குக் கரண்டு இழுத்து, முன்கூடத்தில் ஒரு விளக்குப் போட்டேன். மாமனாரிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. "ஆடி முடிஞ்சதும் நானே வந்து பாக்கறனுங்க. மனசுக்குப் புடிச்சாத்தான் புள்ளைய உட்டுப்போட்டு வருவனுங்க."

அவருக்குக் கரண்டு என்றால் நடுக்கம். கரண்டு இருக்கும் கூரைக்குக் கீழே உட்காரவே மாட்டாராம். எனக்கோ அந்த ஒரு மாதமே ஒரு யுகமாகப் போயிருந்தது. மூளையைக் கசக்கினேன். கரண்டு இருக்கும் இடத்துக்கு அவர் வரமாட்டார் என்றால், அவர் உட்காரும் இடத்துக்குக் கரண்டை அனுப்பினால் என்ன? வாசல் வேப்ப மரத்தடியில் ஃபேன் காற்று வாங்க வைத்தால் பயம் தெளிந்துவிடும்.

மில்லில் விளக்குக்குப் போட்டுக் கழித்த பழைய ஒயர் ஒரு சுருள் கிடந்தது. மேல் நூல் நைந்து, உள்ளே ரப்பர் அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது நல்ல அனுபவசாலி ஒயராகத் தெரிந்தது. கூடத்து விளக்கிலிருந்து அதை வெளியே இழுத்து, துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் சுற்றிக்கொண்டே போய், வேப்ப மரத்தில் ஒரு பிளக் பாயிண்டை ஆணியடித்தேன். மேனேஜரிடம் டேபிள் ஃபேன் இரவல் வாங்கி மாட்டினேன். சுற்றியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என் வேட்டியை உருவிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இங்கே ஃபேன் யாருக்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஆவணி முதல் வெள்ளி. காலையிலிருந்தே சாரல். அன்னூரில் தங்கி வந்த மாமனாரின் வில்வண்டி வாசலில் நின்றது. வண்டியை ஓட்டி வந்தவரும் அவரே.

"அம்மணி, நீ வண்டிலயே இரு. நான் சொன்னப்பறம் எறங்கலாம்," என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கினார். ராமாத்தாள் திரையை விலக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மரத்தடியில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டி நெஞ்சை நிமிர்த்தினேன்.

மாமனார் கை கால் கழுவினார். "கம்பியில துண்டு கிடக்குதுங்க மாமா, எடுத்துத் துடைச்சுக்கங்க," என்றேன். தொட்டார். கை வெடுக்கென்று திரும்பி வந்தது.

"வேண்டாமுங்க மாப்ள. காத்துலயே காஞ்சுபோயிருமுங்க."

"அட, கூச்சப்படாம எடுங்க மாமா."

சம்பந்தி வீட்டில் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. கொடுத்ததை வாங்க வைக்காமல் விடக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து மரியாதைதான். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டு அந்த மனிதர் மூன்று முறை தொட்டார். மூன்று முறையும் குதித்தார். கடைசியில் கண்ணில் நீர் தளும்ப, முகத்தில் சிரிப்பு மாறாமல் சொன்னார். "உங்க ஊட்டுத் துண்டு நல்ல ரோசமான துண்டுங்க மாப்ள."

வாசலில் நின்றிருந்த என் அம்மா காதருகே வந்தாள். "காத்தால எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு கண்ணு. நல்ல நாளும் அதுவுமா உன்ற மனசு நோகுமேன்னு சொல்லாம உட்டுப்போட்டேன்."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணும் பண்ணாதுங்க, பாருங்க," என்று ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, துண்டை விட்டுவிட்டுக் கம்பியையே எட்டிப் பிடித்தேன்.

நான் போட்ட சத்தத்தை மில் சங்கு என்று நினைத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்களாம். நான் ஒரு பக்கம் போய் விழுந்தேன். கம்பி அறுந்து ஒயரோடு சேற்றில் கிடந்தது. ஒயர் இழுத்த இழுப்பில் ஃபேன் எருக்குழிக்குள் குதித்தது. காளைகள் மிரண்டு, ராமாத்தாளோடு வந்த வழியே பிய்த்துக்கொண்டு ஓடின. என் குடும்ப வாழ்க்கை சேறு தெறிக்க அன்னூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்ததைப் படுத்தபடியே பார்த்தேன். அழுகை வந்தது.

ஆனால் அவள் காடு தோட்டத்தில் மாடுகளோடு வளர்ந்த பெண். முன்னால் தாவி வந்து கயிற்றைப் பிடித்து, காளைகளை அதட்டி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குள் அம்மா சேற்றில் கிடந்த துண்டை எடுக்கக் குனிந்தாள்.

"அத்தை, தொடாதீங்க. ஏனுங்க, இதை எங்க நிறுத்தறது?"

விழுந்த இடத்திலிருந்தே வீட்டைக் கை காட்டினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒயரைத் தாண்டி உள்ளே ஓடி, சுவரில் இருந்த கறுப்புக் குமிழைத் தட்டினாள்.

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. ஆரத்தி இல்லாமல், நேரம் பார்க்காமல், அப்பா சொல்லாமல் அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். மாமனார் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பிக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன்.

"வலது கால வெச்சுத்தான் போனாளுங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க, நான் பாத்தனுங்க." (அந்த ஓட்டத்தில் எந்தக் கால் என்று சாமிக்கே தெரிந்திருக்காது.)

"அப்பச் செரிங்க. உள்ள போன புள்ளையத் திருப்பிக் கூப்புடறது நல்லா இருக்காதுங்க. ஆனா ஒண்ணுங்க மாப்ள. அந்தக் குமிழு அவ கையிலயே இருக்கட்டுமுங்க."

அது அவள் கையிலேயே இருந்துவிட்டது. மாமனாரும் அதன் பிறகு எங்கள் வீட்டுக்குச் சொந்தத் துண்டோடுதான் வந்தார். இன்றைக்கும் நான் எதையாவது ரிப்பேர் செய்யலாம் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தால் ராமாத்தாள் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டுப் போகிறாள். நானும் எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.