டாப்பெட்டுக்கு வந்த திடீர் வியாதி

அந்த வீட்டில் அவருக்கு வீட்டுக்காரர் என்று பெயர். பெயர் மட்டும்தான். சாவிக்கொத்து மனைவியின் இடுப்பில் இருந்தது, டி.வி. ரிமோட் அவள் மடியில் இருந்தது. அவருடைய ஆட்சி செல்லுபடியாகும் ஒரே பிரதேசம், முன்னறையில் ஸ்டாண்ட் போட்டு நின்ற பழைய மோட்டார் சைக்கிள். அவரைவிட அது வயதில் மூத்தது. மழை படக்கூடாது, வெயில் படக்கூடாது, முக்கியமாக மனைவியின் கண் படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

மனைவி தையற்காரி. முன்னறையில் வண்டி குடியிருந்ததால் தையல் மெஷின் அடுப்படியில் ஒண்டுக் குடித்தனம் நடத்தியது. தைத்த துணியை வாங்க வந்தவர்கள் அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, "இன்னிக்கு உங்க வீட்ல வெங்காயமா?" என்று கேட்க ஆரம்பித்ததும் அவள் பொறுமை தீர்ந்துபோனது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை போட்டோகிராபர் தம்பி வண்டிய வாங்க வர்றாரு. பழைய வண்டின்னா அவருக்கு உயிராம்."

"எனக்கும்தான் உயிர்!"

"உங்க உயிர் என் மெஷின் வைக்கிற இடத்துல நிக்குது."

"வந்து பாத்துட்டு அவருக்குப் பிடிக்கலேன்னா?"

"பிடிக்கலேன்னா வண்டி இங்கயே நிக்கட்டும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

அவள் வாயே திறக்க மாட்டாளாம்! வீட்டுக்காரருக்குக் காதில் தேன் பாய்ந்தது. வந்தவருக்குப் பிடிக்காமல் போக வேண்டும், அவ்வளவுதானே? அது தன் பொறுப்பு என்று அன்றே சபதம் செய்தார். மனசுக்குள்தான். சத்தமாகச் சபதம் செய்யும் வழக்கம் கல்யாணத்தோடு நின்றுவிட்டது.

ஞாயிறு காலையில் மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போனதும் ஸ்பானரை எடுத்தார். டாப்பெட் என்பது எஞ்சின் வால்வைத் தட்டித் திறக்கிற சமாச்சாரம். அதற்கும் வால்வுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு நுழைகிற அளவு இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் எஞ்சின் கத்தும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த அளவு வைப்பதில் அவர் புலி. அன்றைக்கு அந்தப் புலி தெரிந்தே தப்பு செய்தது. திருகைத் தாராளமாகத் தளர்த்தினார். மடித்த பஸ் டிக்கெட்டே நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு, நட்டை முடுக்கினார். பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே கோணல் கிராப்பு வெட்டுவது போல நெஞ்சு வலித்தது.

"கையில என்ன கறுப்பு?" என்று கேட்டுக்கொண்டே மனைவி வந்தாள்.

"சும்மா, தூசி தட்டினேன்."

"ஓஹோ" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

போட்டோகிராபர் வந்தார். வீட்டுக்காரர் கிக்கரை உதைத்தார். பாத்திரக் கடைக்குள் குரங்கு புகுந்த மாதிரி ஒரு சத்தம். போட்டோகிராபர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"என்ன சார் இது?"

"அதை ஏன் கேக்குறீங்க தம்பி! உள்ள எல்லாம் போச்சு."

"எதெல்லாம்?"

"எதெல்லாம் உள்ள இருக்கோ, அதெல்லாம்."

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"யார்கிட்டக் காட்டினாலும் கைய விரிச்சிடுறாங்க. கூடவே இருந்து பழகிடுச்சேன்னு வச்சிருக்கேன்" என்று எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்தார். கன்னம் கறுத்ததுதான் மிச்சம். தம்பி நன்றாகப் பயப்படட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் வெகுநேரம் உறும விட்டார்.

போட்டோகிராபர் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார். மனைவி வாசல்வரை கொண்டு விடப் போனாள். வீட்டுக்காரர் டேங்கைத் தடவிக் கொடுத்து, "தப்பிச்சோம்டா ராஜா!" என்றார். வாசல்வரை போனவள் தெருக்கோடிவரை போய்விட்டுத்தான் திரும்பினாள். கூடவே பழைய இரும்புக்காரர், கையில் சுத்தியலோடு.

"இவர் எதுக்கு?"

"வண்டிய எடைக்குப் போடத்தான்."

"பிடிக்கலேன்னா வண்டி இங்கயே நிக்கட்டும்னு சொன்னியே!"

"வண்டி நிக்கட்டும்னு சொன்னேன். உள்ள எல்லாம் போச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஓடாதது எப்படிங்க வண்டியாகும்? அது இரும்பு. அண்ணே, பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுங்க."

இரும்புக்காரர் டேங்கைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். "மொத டேங்கை நசுக்கிக்கலாம்மா. சாக்குல அடங்கும்."

சுத்தியல் ஓங்கியது.  வீட்டுக்காரர் பாய்ந்து டேங்கைக் கட்டிப்பிடித்தார்.

"ஐயோ, கைய வைக்காதீங்க! வண்டிக்கு ஒண்ணுமே ஆகல!"

"உள்ள எல்லாம் போச்சே?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் போகல! டாப்பெட்டுதான் லூசு!"

"தானா லூசாச்சா?"

"நான்தான் பண்ணேன்! எஞ்சின் தங்கம். ஒரு சொட்டு ஆயில் ஒழுகாது. ஒரே உதையில ஸ்டார்ட் ஆகும். இந்த மாதிரி வண்டி ஊரெல்லாம் தேடினாலும் கிடைக்காது. என் ஆயுசுக்கும் ஓடும், அதுக்கப்புறமும் ஓடும்!"

மனைவி அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா தம்பி?"

கையில் டீ டம்ளரோடு போட்டோகிராபர் வெளியே வந்தார். தெருக்கோடியிலிருந்து பின்வாசல் வழியாக அவரை அழைத்து வந்து, டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டுத்தான் அவள் இரும்புக்காரரோடு முன்வாசலுக்கு வந்திருக்கிறாள்.

"நல்லாக் கேட்டுச்சு அக்கா. கையோட எடுத்துக்கிறேன். சார், அந்த டாப்பெட்டை மட்டும் நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுங்க."

"அப்ப இரும்பு?" என்றார் இரும்புக்காரர்.

"இல்லைண்ணே. வண்டின்னு அவர் வாயாலயே சொல்லிட்டார்."

 வீட்டுக்காரருக்குக் கடைசியாக ஒரு வழி தெரிந்தது.

"இப்ப முடியாது! எஞ்சின் கொதிக்குது. சூட்டுல டாப்பெட் அளவு வச்சா தப்பாப் போயிடும். சுத்தமா ஆறணும். அடுத்த வாரம் பாக்கலாம்."

அது உண்மையான தொழில் விதி. எந்த மெக்கானிக்கும் மறுக்க முடியாது. ஒரு வாரத்தில் தம்பியின் மனசு மாறலாம், வேறு வண்டி கிடைக்கலாம். மனைவி உள்ளே போனாள். கடைசியில் ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்காரர் பெருமையோடு எஞ்சின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மனைவி மேஜை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எஞ்சினைப் பார்க்க வைத்து, முழு வேகத்தில் சுழலவிட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. காத்த மறைக்கிறீங்க."