ரெண்டு எலக்ட்ரானும் ரெண்டு செருப்பும்

லேசர் வைத்தியத்துக்கு வந்திருந்தவர்கள்: ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், மூட்டுவலியோடு, பொய்ச்சாட்சிகளை நாற்பது வருடம் எழுதித் தள்ளிய அவருக்கு இங்கே முதல் வரிசை. கல்யாணத் தரகர், வாய்வோடு. மாடிவீட்டுக்காரி, வியாதி ஏதுமில்லை. இடம் பிடித்துவிட்டால் வந்துவிடும். ரொட்டிக்கூடத்தில் அடுப்பு வேலை பார்க்கும் அக்கா, வலிப்போடு. அவள் தங்கை, கோபத்தோடு. இன்னும் வாசல்வரை நாற்பது பேர்.

வாசலில் ஒரு பலகை: ‘செருப்பையும் சந்தேகத்தையும் வெளியே விடவும்.’ செருப்புகள் மலைபோல் கிடந்தன. சந்தேகம் ஒன்றையும் காணோம். கொண்டுவந்தால்தானே விட?

லேசர் அய்யா வந்தார். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, காலில் தடித்த செருப்பு. மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஒரு குழாயைத் தட்டிக்கொடுத்தார்.

“ஒவ்வொரு வியாதிக்கும் ரெண்டு எலக்ட்ரான். லேசர் மொதல்ல ஒண்ணைப் பிடுங்கி வெளிய எறியும். அது சும்மா போகுமா? திரும்பி வந்து, உள்ள இருக்கிறதையும் இடிச்சுத் தள்ளிடும்!”

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. வியாதிக் கதை பொய். இடித்துத் தள்ளுவது உண்மை. அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் லேசரை வைத்து அணுக்களிடம் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால், காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புக் கலத்துக்குள். கண்சிமிட்டும் நேரத்தைக் கோடி கோடியாக நறுக்கினால் கிடைக்கும் துணுக்கு நேரத்துக்கு. அந்த ஒளி குவியும் இடத்தில் விரலை நீட்டினால் எலக்ட்ரானோடு தோலும் போகும். அய்யாவின் குழாயில் வந்ததோ, பூனைக்கு விளையாட்டுக் காட்டும் சிவப்புப் புள்ளி.

எழுத்தரின் முட்டியில் புள்ளி விழுந்தது. மேசைமேல் இருந்த, எலக்ட்ரானை எண்ணும் பெட்டி ‘டக்... டக்’ என்றது.

“ரெண்டும் போச்சு!” என்றார் அய்யா. கூட்டம் கை தட்டியது. எழுத்தர் எழுந்து நின்றார். முட்டி வலித்தது. இருந்தாலும் சிரித்தார், இத்தனை பேர் கை தட்டும்போது வலிக்கிறது என்று சொல்ல முடியுமா?

“இனிமே மாத்திரை தொட்டீங்க, போனது திரும்பி வந்து ஒட்டிக்கும்.”

அக்கா தொடவில்லை. போன தடவை இங்கே வந்துபோய் ஒன்பது நாளாயிற்று. நாளைக் காலையில் மறுபடி அடுப்பு முன்னால் நிற்க வேண்டும்.

“அக்கா, அடுப்புக்குள்ள விழுந்தா எலக்ட்ரான் வந்து தூக்குமா?”

“வாயைக் கழுவுடி. ஒன்பது நாளா வரலியே!”

“மாசத்துக்கு ஒண்ணுதானே வரும். மாசம் முடியட்டும்னு காத்திருக்கியா?”

அக்காவின் முறை வந்தது. நெற்றிக்கு நேராகக் குழாய். தங்கை அக்காவின் பையிலிருந்து மாத்திரை அட்டையை உருவினாள். ஒன்றுகூடப் பிரிக்காத அட்டை. பின்பக்கம் பளபளக்கும் தகடு. அதை வைத்துக் குழாயின் வாயை மறைத்துப் பிடித்தாள். ஆய்வுக்கூடத்தில் அவள் தினமும் செய்கிற முதல் வேலை அதுதான்: ஒளியை மறைத்துவிட்டு எண்ணுவது. மறைத்த பிறகும் எண்ணிக்கை வந்தால், அது ஒளி கொடுத்ததல்ல.

அய்யா கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டிருந்தார். அட்டையைக் கவனிக்கவில்லை.

டக்... டக்.

“ரெண்டும் போச்சு!”

“எங்கிருந்துங்கய்யா போச்சு?” என்றாள் தங்கை. “புள்ளி அட்டையிலதானே நிக்குது? மாத்திரை அட்டைக்கா வலிப்பு?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“நம்பிக்கையில்லாதவங்க குறுக்க வந்தா கதிர் சிதறும்மா!”

“சிதறினா எண்ணிக்கை குறையணும். குறையலியே. சரி, அட்டையை எடுத்துடறேன். எங்க எல்லாரையும் செருப்பை வெளிய விடச் சொன்னீங்க, உங்க காலுக்கு மட்டும் எதுக்குச் செருப்பு? ரெண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல வச்சுக்கிட்டு ஒரு தடவை பண்ணுங்க.”

“எனக்கு முட்டிவலி.”

“ஏன், லேசர் இல்லையா?” என்று கேட்டுவிட்டார் எழுத்தர். நாற்பது வருடத்தில் அவர் கேட்ட முதல் குறுக்குக் கேள்வி.

சிரிப்பு வாசல்வரை போனது. அய்யா காலைத் தூக்கினார். புள்ளி அக்காவின் நெற்றியில் விழுந்தது. பெட்டி வாயைத் திறக்கவில்லை. தரகர் குனிந்து மேசைக்கு அடியில் கிடந்த விரிப்பைப் புரட்டினார். இரண்டு பித்தான்கள், செருப்புக்கு ஒன்றாக. அவற்றிலிருந்து கம்பி பெட்டிக்கு ஓடியது. தரகர் ஒரு மிதி மிதித்தார். டக். தன் வாய்வு எங்கேயும் போகப் போவதில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

“உள்ள போயி வேற மிஷின் எடுத்துட்டு வரேன்,” என்று அய்யா பின்னறைக்கு நழுவினார். ஜன்னல் இல்லாத அறை. இருட்டில்தான் கதிர் தங்கும் என்று, இருந்த ஒன்றையும் அவரே அடைத்திருந்தார்.

“வேற மிஷின் வருமாமே?” என்று மாடிவீட்டுக்காரி மறுபடி உட்கார்ந்தாள். சிலருக்கு மாத்திரையே கிடையாது.

“டாக்டர்கிட்ட என்னடி சொல்றது?” என்றாள் அக்கா.

“உள்ளதைச் சொல்லு. ஒன்பது நாள் மூளையைக் கழற்றி வாசல்ல விட்டிருந்தேன்னு சொல்லு. அடுத்த தடவை செருப்பை மட்டும் விடு.”

அக்கா மாத்திரை அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு, போலீசுக்குப் போன் பண்ணத் தங்கையிடம் சொல்லிவிட்டு, பின்னறைக் கதவை இழுத்துச் சாத்தி, வெளியே தொங்கிய பூட்டைப் போட்டு அழுத்தினாள்.

டக்.