உன் அக்கா சொல்லாத பெயர்

விளாங்குடி,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மாப்ள உக்கிரபாண்டிக்கு, அத்தான் சுருளி ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அக்கா தங்கப்பொண்ணும், மகன் சிவபாண்டியும், மருமகள் ரோகிணியும், வந்த நாள் முதல் வீட்டை ஆட்டிவைக்கும் பேரனும் அழகர் புண்ணியத்தில் நலம். திருப்பூரில் நீங்கள் எல்லோரும் அதேபோல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அக்கா பாதியில் பிடுங்கிவிடுவாள். விஷயமே அவளைப் பற்றியது.

பேரனுக்குப் பெயர் வைத்த கதையைக் கேள். ரோகிணி ஆசையாசையாய் ஆதிரன் என்று முடிவு செய்து வைத்திருந்தாள். பிரசவமான சாயங்காலம் நர்ஸ் வந்து "ஆதிரன் அம்மா யாரு?" என்றதும் வார்டில் பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். ரோகிணிக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவளே சட்டென்று நிமிர்ந்து, "மாமா பேரையே வச்சிருவோம், அது வேற யார்ட்டயும் இருக்காது" என்றாள். மாப்ள, எனக்குப் புல்லரித்துவிட்டது! பள்ளிக்கூடத்தில் "முடி கோரையா நிக்குது, நீ என்னடா சுருளி?" என்று கேலி வாங்கிய பெயர் அது. எங்கள் அப்பா கம்பத்துக்கு அந்தப் பக்கம் சுருளி அருவியில் குளித்து நேர்ந்துகொண்ட பிறகு பிறந்தவன் நான், அதனால் வைத்தது. அந்தக் காலத்தில் வாடிப்பட்டியில் எங்கள் தெருவிலேயே பெரிய சுருளி, கருப்புச் சுருளி, டீக்கடைச் சுருளி என்று அம்புட்டுச் சுருளி. இப்போது தேடினாலும் ஒரு பிள்ளை கிடையாது. பாட்டன் பெயரைத் தாங்கும் பெயரன்தான் பேரன் என்று வார்டு முழுக்க விளக்கம் சொல்லிச் சொல்லி இனிப்புக் கொடுத்தேன்.

உன் அக்கா மட்டும் இனிப்பைத் தொடவில்லை. "புருசன் பேர நான் எப்படிச் சொல்லுவேன்? பிள்ளைய என்னன்னு கூப்புடுவேன்?" என்று கண்ணைக் கசக்கினாள். உனக்குத் தெரியாததா? கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்கு "இந்தாங்க", இல்லையென்றால் "சிவபாண்டி அப்பா". ரோகிணி, "இந்தக் காலத்துல போயி இதெல்லாம் என்ன அத்தை?" என்று கெஞ்சினாள். "நீ சொல்லிக்க தாயி, எனக்கு நாக்கு வராது" என்று உன் அக்கா முடித்துவிட்டாள்.

அதோடு போயிற்றா? ஒருநாள் ரோகிணிக்குக் காய்ச்சல், நான் ஒரு கேத வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன், உன் அக்கா தனியாகப் பிள்ளையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போனாள். நர்ஸ் பெயர் கேட்டிருக்கிறாள். இவள், "அதாம்மா, தேனிப் பக்கம் மேல இருந்து தண்ணி விழுகுமே" என்றிருக்கிறாள். "கும்பக்கரையா?" "இன்னுங் கொஞ்சம் அங்கிட்டு." "குற்றாலமா?" "அம்புட்டுத் தூரம் போகாதீங்க." பின்னால் நின்ற கூட்டம் சத்தம்போட, நர்ஸ் இவளிடம் சொல்லாமல் குற்றாலம் என்றே எழுதிக்கொண்டாளாம். அப்புறம் "குற்றாலம்! குற்றாலம் வாங்க!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறாள். உன் அக்கா வேப்பமர நிழலில் உட்கார்ந்து, "பிள்ளைக்கு வைக்கிற பேரப் பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சிரித்துவிட்டு, ஊசி போடாமலே வீடு திரும்பிவிட்டாள்!

மறுநாள் நானே போய்ச் சரி செய்தேன். ஆனால் ரோகிணி மனசு விட்டுப்போயிற்று. "அத்தைக்கு இம்புட்டுச் சங்கடம்னா பேர மாத்திருவோம் மாமா" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அழகர்கோவிலில் மொட்டை எடுத்த கையோடு வேறு பெயர் வைப்பதாகப் பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். மொட்டை முடிந்தது. மரத்தடியில் துண்டை விரித்துப் பிள்ளையை உட்காரவைத்து, பக்கத்தில் கோவில் தோசையைப் பிரித்து வைத்தாள் உன் அக்கா. சிவபாண்டியும் ரோகிணியும் மாலை வாங்கப் போயிருந்தார்கள், நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மரத்திலிருந்து தடித்த குரங்கு ஒன்று இறங்கி, பிள்ளையின் மொட்டைத் தலையில் கையை வைத்ததுதான் தாமதம், "ஏ சுருளீ...!" என்று ஒரு சத்தம்! மலையில் பட்டு எதிரொலித்தது மாப்ள. என் பெயர், அவள் வாயிலிருந்து! நான் குழாயைக்கூட மூடாமல் அப்படியே நின்றுவிட்டேன். நல்லவேளை, குரங்கு தோசையைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அவனை நெஞ்சோடு அணைத்து, "சுருளி, எஞ்சாமி, சுருளி" என்று அழுகிறாள், சிரிக்கிறாள்.

ஓடிப்போய், "யாரக் கூப்புட்ட புள்ள? என்னையா, அவனையா?" என்று கேட்டேன்.

"யாராச்சும் ஒருத்தர் திரும்பட்டும்னுதான் கூப்புட்டேன். அவனுக்கு எந்திரிக்கத் தெரியல, உங்களுக்குக் காது கேக்கல. குரங்குதான் மரியாதையா திரும்பிப் பாத்துச்சு" என்றாள்.

மாலையோடு வந்த ரோகிணி நடந்ததைக் கேட்டு அத்தையைக் கட்டிக்கொண்டாள். பெயர் நிலைத்துவிட்டது, மாப்ள! எனக்குப் பிறகும் இந்தத் தெருவில் ஒரு சுருளி இருப்பான். பொங்கலுக்கு வந்து நீயும் வாய் நிறைய அவனைக் கூப்பிட வேண்டும். உன் பிள்ளைகள் நல்லாப் படித்து, நீயும் உன் வீட்டாரும் நூறு வருஷம் சிரித்தபடி இருக்க அழகரை வேண்டும்,

உன் அத்தான்
சுருளி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். உன் அக்காவுக்கு நாக்கு நன்றாகவே பழகிவிட்டது. சற்றுமுன் வாசலில் நாலு பெரிய மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "ஏ சுருளி, திரும்பவும் டவுசர நனைச்சிட்டியாடா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். நாலு பேரும் என் வேட்டியைப் பார்த்தார்கள். பிள்ளைக்கு வேறு நல்ல பெயராய் ஒன்று பார்த்து, நீயே யோசித்ததுபோல ரோகிணிக்கு இன்றைக்கே போன் போடு.