முப்பத்தொன்றுக்குப் பிறகு வரும் ஒன்று

கணக்கு வாத்தியார்கள் கார் வாங்கக் கூடாது என்று அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தால் அதை ஆதரித்து முதல் கையெழுத்து நான் போடுவேன். மற்றவர்களுக்குக் கார் என்பது வீட்டை விட்டுக் கிளம்பிப் போவதற்கு. எங்களுக்கு அது வீட்டுக்குத் திரும்பி வந்து நிறுத்துவதற்கு. நிறுத்துகிற இடம் என்றால் அதற்கு நீளம், அகலம், பாத்தியதை, நியாயம் எல்லாம் உண்டு. அதையெல்லாம் ஒருவன் கணக்குப் போட ஆரம்பித்தால் உருப்பட மாட்டான். நான் உருப்படாமல் போன கதைதான் இது.

காரைக்காலில் நான் குடியிருக்கும் தெரு பிரெஞ்சுக்காரன் நூல் பிடித்துப் போட்ட தெரு. நேராக இருக்கும், அகலமாக இருக்காது. இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் ஒரு மாடுகூட நுழைய முடியாது. அதனால் தெருமுனையில் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். ஒற்றைப்படைத் தேதியில் கிழக்குப் பக்கம் நிறுத்த வேண்டும், இரட்டைப்படைத் தேதியில் மேற்குப் பக்கம். என் வீடு மேற்கு. எதிர்வீட்டு சுல்தான் பாய் கிழக்கு. தெருவில் நாங்கள் இருக்கும் கோடியில் எங்கள் இருவரிடம் மட்டும்தான் கார், மற்ற வீடுகளில் பைக்தான். ஒருநாள் அவர் வாசலில் அவர் வண்டி, மறுநாள் என் வாசலில் என் வண்டி. முறை இல்லாதவர் குளக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும்.

கடைத்தெருவுக்கு வருகிற வெளியாட்கள் நுழைந்துவிடாமல் இருக்க, முறைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இடம் பிடித்து வைப்பார். போர்டில் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பொதுத்தெருவில் நாற்காலி போட எவனுக்கும் உரிமையும் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் நாற்காலிக்கு இருக்கும் மரியாதை போலீஸுக்கே இல்லை.

நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், முதல் முப்பத்தொன்றாம் தேதி வரும்வரை. முப்பத்தொன்று ஒற்றைப்படை. மறுநாள் ஒன்று, அதுவும் ஒற்றைப்படை! சுல்தான் பாய்க்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள். இப்படி வருடத்துக்கு ஏழு தடவை. லீப் வருடமானால் பிப்ரவரி இருபத்தொன்பதும் அவர் கட்சியில் சேர்ந்துகொள்ளும். (உங்களுக்கு வயிறு எரியவில்லையா? எனக்கு எரிந்தது. ஜெலூசில் குடித்தேன்.)

போலீஸுக்கு மனு எழுதினேன். அட்டவணையோடு மூன்று பக்கம். 'முப்பத்தொன்றுக்குப் பிறகு வரும் ஒன்றை மட்டும் இரட்டைப்படை எண்ணாகக் கருதி ஆவன செய்யுமாறு' வேண்டிக்கொண்டிருந்தேன். நான் பாடம் நடத்திய பிள்ளைகள் யாராவது அதைப் படித்திருந்தால் ஃபீஸைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். மனுவுக்குப் பதில் வரவில்லை. சரி, நேரிலேயே பேசிவிடலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன்.

சுல்தான் பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரும்புக் கடையை மகன் ரபீக்கிடம் கொடுத்துவிட்டு, இடம் பிடிக்கப் போட்ட நாற்காலியிலேயே காலையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

"பாய், முப்பத்தொண்ணு உங்களுது, ஒத்துக்கறேன். ஒண்ணாந்தேதிய எங்களுக்கு விட்டுருங்க. அதான் நியாயம்."

"வாத்தியாரே, தேதிய நானா போட்டேன்? காலண்டர் அடிக்கிறவன்கிட்ட போயி சண்ட போடுங்க."

"இது சிரிக்கிற விஷயம் இல்ல பாய்."

"அப்ப அழுவுற விஷயமா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே பார்த்து எனக்கு டீ போடச் சொன்னார். நான் டீயைக் குடிக்காமல் வந்தேன். அது என் முதல் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை முப்பத்தொன்றும் ஒன்றும் சேர்ந்து வந்தபோது, பாய் காரில் எங்கோ போயிருந்த சமயம் பார்த்து அவர் வாசலில் என் காரை நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால், என் வண்டியின் மூக்குக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுப் பாய் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, "இப்ப போங்க வாத்தியாரே, பாத்துப் போங்க" என்றார். தாமதமாகப் போய்ப் பிள்ளைகள் முன்னால் தலைமை ஆசிரியரிடம் திட்டு வாங்கினேன். அன்றோடு பாயிடம் பேச்சை விட்டேன்.

அதற்கடுத்து வந்த ஒன்றாம் தேதியில்தான் நான் மானத்தை இழந்தேன். அன்று சனிக்கிழமை. திருநள்ளாற்றில் விடைத்தாள் திருத்தும் வேலை. காலையில் குளக்கரைக்கு நடந்துபோய்க் காரை எடுக்க வேண்டும். பாய் தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, "வாத்தியாரே, டீ குடிச்சாச்சா?" என்றார். எனக்குப் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு, வராத ஆளோடு பேசிக்கொண்டே அவரைக் கடந்து போனேன்.

விடைத்தாள் திருத்தும் இடத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று மணிக்குத் திருப்பிக் கொடுத்தபோது மனைவியிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள். நான் திருநள்ளாறு போகிற நாளெல்லாம் அவளுக்கு அங்கிருந்து ஏதாவது வேண்டியிருக்கும். கூப்பிட்டால்தானே வாங்க வேண்டும்? கூப்பிடவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தேன். அன்று சனீஸ்வரன் கோயிலில் இருந்திருக்க மாட்டார். என் பின்சீட்டில்தான் உட்கார்ந்து வந்திருப்பார்.

எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் எனக்குத் தலை சுற்றியது. பாய் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு நாற்காலி காவல். அவர் காரைக் காணோம். அது போகட்டும், அவருடைய தேதி. ஆனால் என் வீட்டுப் பக்கம் நிழலில், என் வாசலை அடைத்துக்கொண்டு, வரிசையாக இருபது சிவப்பு நாற்காலிகள்! தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒரு நாற்காலி என்றால் இடம் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். இருபது நாற்காலி என்றால் என்ன அர்த்தம்? என் இருபத்திரண்டு வருட ஆசிரியர் அனுபவத்தைக் கொண்டு யோசித்தேன். மேற்குப் பக்கத்தையும் பிடித்துவிட்டார் கிழவர் என்று விடை வந்தது.

இறங்கினேன். காவல் நாற்காலி இரண்டையும் தூக்கி நடைபாதையில் எறிந்தேன். காலி இடத்தில் காரைக் கொண்டுபோய், அவர் வாசற்படியை உரசுகிற மாதிரி நிறுத்தினேன். பிறகு தெருவின் நடுவில் நின்று, எட்டாம் வகுப்பு 'சி' பிரிவுக்கு மட்டும் நான் பயன்படுத்துகிற குரலில் கத்தினேன்.

"சுல்தான் பாய்! வெளிய வாங்க! உள்ள போயி ஒளிஞ்சிகிட்டா விட்டுருவனா? வெளிய வாங்கங்கறேன்! இன்னும் எத்தன நாளைக்கு இந்த எடத்தக் கட்டிகிட்டு அழுவப் போறீங்க? போவும்போது தூக்கிகிட்டா போவப் போறீங்க?"

பாய் வீட்டுக் கதவு திறந்தது. வெளியே வந்தது என் மனைவி. முந்தானையால் தலையை மூடியிருந்தாள். இவளும் கட்சி மாறிவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. (அந்த நேரத்திலும் என் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்திருக்கிறது பாருங்கள்.) கிட்டே வந்ததும்தான் அவள் கண்கள் வீங்கியிருந்ததைப் பார்த்தேன்.

"ஏங்க, கத்தாதீங்க. பாய் செத்துட்டாரு."

"எந்த பாய்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல நெஞ்சு வலின்னாரு. ரபீக் தம்பி அவங்க கார்லயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகிட்டுப் போச்சு. பதினொரு மணிக்கு முடிஞ்சிடுச்சு. இப்ப ஆம்புலன்ஸ்ல கொண்டாந்துகிட்டு இருக்காங்க. அது வந்து நிக்கத்தான் இந்த எடத்த விட்டு வச்சிருந்தாங்க. வர்றவங்க ஒக்கார நம்ம பக்கம் நாக்காலி போட்டுக்கட்டுமான்னு என்னைத்தான் கேட்டாங்க, நாந்தான் போடுங்கன்னேன். ஒம்போது தடவ கூப்புட்டேங்க."

நெரவியில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுச் சாவு என்றால் பறைச் சத்தம் தெருவுக்குள் நுழையும் முன்பே சேதி சொல்லிவிடும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. ஆண்கள் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் உள்ளே இருந்தார்கள், சுவருக்கு அந்தப் பக்கம், நான் கத்தியது முழுவதும் காதில் விழுகிற தூரத்தில்.

ஓடிப்போய்க் காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். என் கார் மூன்றாவது கை. சூடாக இருக்கும்போது அணைத்தால் ஆறிய பிறகுதான் மறுபடி கிளம்பும். அதற்கு அரைமணி நேரம் ஆகும். திருகினேன், திருகினேன், அது இருமியதே தவிரக் கிளம்பவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னாலேயே தொழுகை முடித்த ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

யாராவது என்னை ஒரு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் அறையவில்லை. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் குனிந்து, "சார், நீங்க எறங்க வேணாம். ஸ்டியரிங்க மட்டும் புடிங்க, நாங்க தள்ளிக்கறோம்" என்றார். சுல்தான் பாயைத் தூக்க வந்த பத்துப் பன்னிரண்டு பேர் முதலில் என் காரைத் தள்ளினார்கள். முன்பக்கம் மாவு மில்லுக்கு மூட்டை இறக்கும் லாரி நின்றதால் பின்பக்கமாகத்தான் தள்ள முடிந்தது. நான் வெளியே போவதற்காக ஆம்புலன்ஸ் தெருமுனை வரை ரிவர்ஸ் எடுத்தது. சொந்த வாசலுக்கு இருபதடி இருக்கும்போது, என் காருக்கு வழிவிட்டு சுல்தான் பாய் பின்னால் போனார்.

முனையில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஆம்புலன்ஸின் முன்சீட்டில் ரபீக். ஒரு முழ தூரத்தில் அவன் முகம். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வழிவிட்ட வண்டிக்குக் கையைத் தூக்கி நன்றி சொல்வது என் பல வருடப் பழக்கம். தூக்கிவிட்டேன். ரபீக்கும் பழக்க தோஷத்தில் பதிலுக்குக் கையைத் தூக்கிவிட்டு, என்ன செய்கிறோம் என்று புரியாமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சூரியன் இறங்குவதற்குள் அடக்கம் செய்யப் புறப்பட்டார்கள். பாயை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். நான் எல்லோருக்கும் கடைசியில், யார் கண்ணிலும் படாமல் நடந்தேன். எப்படியோ ரபீக் கண்ணில் பட்டுவிட்டேன். அவன் நின்று, என்னை முன்னால் வரச் சொல்லிச் சைகை காட்டி, தன் தோளை விலக்கி எனக்கு இடம் கொடுத்தான். அந்தத் தெருவில் நான் சண்டை போடாமல் எனக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். முப்பது நாற்பது தப்படி தூக்கியிருப்பேன். பாய் இவ்வளவு கனமாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாத் தேதியிலும் என் கார் குளக்கரையில்தான் நிற்கிறது. வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், என் மகள், "அப்பா, மொதல்ல ஆளு இருக்காங்களான்னு பாத்துக்குங்க" என்பாள். காய்கறிக்காரரிடம் பேரம் பேசினாலும் இதே வசனம். உறவுக்காரர்கள் வந்தால் என் மனைவி "எந்த பாய்?" என்று நான் கேட்ட இடத்தை நடித்தே காட்டுவாள்.

பாயின் மனைவியை நாங்கள் பாயம்மா என்போம். கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் அவர் இத்தாவில் இருந்தார், வெளி ஆண்கள் யாரையும் பார்க்கவில்லை. அவர் வெளியே வருகிற நாளை எண்ணி நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் குளக்கரைக்கு நடந்துகொண்டிருந்தபோது, "வாத்தியாரே, நில்லுங்க" என்று குரல் கேட்டது. வாசலில் பாயம்மா.

"பாயம்மா, அன்னிக்கு நான்..."

"நீங்க கத்துனீங்களே, வெளிய வாங்க, வெளிய வாங்கன்னு. உள்ளேருந்து கேட்டேன். ஒரு நிமிசம் எனக்கு உசுரு வந்திச்சு. இவங்க எல்லாரும் பொய் சொல்லிட்டாங்க, மனுசன் வாசல்ல நாக்காலி போட்டு ஒக்காந்திருக்காரு, வாத்தியாரு சண்டைக்கு வந்திருக்காருன்னு நெனச்சிட்டேன். செத்தவரோட யாராச்சும் சண்ட போடுவாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "டீ போடுறேன், குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்துவிட்டுப் போனேன்.

இப்போது அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்கிறார். நான் தெருவில் போனால் கூப்பிட்டு, "இவருதான் அந்த வாத்தியாரு" என்று காட்டுகிறார். இருபது நாற்காலி, பின்பக்கம் தள்ளிய கார், தூக்கிய கை என்று ஒன்று விடாமல் சொல்வார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் நின்று சிரித்துவிட்டு வருவேன். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.