கொக்கும் முதலையும் சிநேகம்தான்

பியர் பார் கிராமம், லூசியானா
மே மாதம் நான்காம் நாள்

லஃபயெட் நகரில் சிறுவர் பத்திரிகை நடத்தும் மதிப்பிற்குரிய ஆசிரியையும், என் தங்கை மகளுமான க்ளேலிக்கு, ஓனெஸீம் மாமா எழுதுவது. இங்கு நானும், இடது முழங்காலைத் தவிர்த்த மற்ற உறுப்புகளும் நலம். அங்கு நீயும் உன் பத்திரிகையும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

தெலெஸ்ஃபோர் என்ற முதலையும் ஸெலி என்ற கொக்கும் சிநேகமாயிருக்கும் 'தெலெஸ்ஃபோரும் ஸெலியும்' என்ற என் கதையைத் திருப்பி அனுப்பியிருந்தாய். முதலை கிடக்கும் இடத்தில் ரக்கூன் மரமேறி முட்டை திருட வராது, அதனால்தான் கொக்குகள் அங்கே கூடு கட்டுகின்றன; தவறி விழும் குஞ்சை முதலை தின்றுவிடும்; இதைச் சிநேகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது, முதலையை எடுத்துவிட்டு வாத்தைப் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். முப்பத்தெட்டு வருடம் இந்தத் தண்ணீரில் நண்டுக்கூடு போட்டவன் நான். ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மாமா வெறும் வீம்புக்குச் சொல்றார்னு நீ நினைச்சிடக் கூடாது பாரு, அதனால நேர்லயே பாத்து எழுதிடலாம்னு திங்கக்கிழமையிலேர்ந்து தினம் காலையில ஃப்ளாஸ்க்ல காப்பியும், குடல்ல பன்னிக்கறி அடைச்ச பூடான் நாலும் எடுத்துக்கிட்டு, தோணியைத் தள்ளிக்கிட்டு சைப்ரஸ் மரத்தடிக்குப் போனேன். மேல நாப்பது கூடு, கீழ ஒரே முதலை, என் தோணி நீளம். மூணு நாள் ஒண்ணுமே நடக்கல, என் தொப்பி வெள்ளையானதைத் தவிர. நாலாம் நாள் பக்கத்து வீட்டு நோலியா அங்க இறால் பொறி தூக்கிட்டிருந்தா. எட்டு வருஷமா என் மோட்டார் சத்தத்தைப் பத்தி மட்டும்தான் என்கிட்ட பேசியிருக்கா. அப்போ பாத்து ஒரு குஞ்சு பொத்துனு தண்ணியில விழுந்துச்சு. முதலை திரும்பிச்சு. கொஞ்சம் யோசிச்சுக்கோ தெலெஸ்ஃபோர்னு தன்மையா சொல்லிப் பாத்தேன், அது வாயைத் தொறந்துச்சு, துடுப்பைக் காட்டலாம்னு நான் சாஞ்சேன், தோணியும் என்கூடவே சாஞ்சுது. நான், காப்பி, பூடான் எல்லாம் தண்ணிக்குள்ள. மேல வந்து பாத்தா குஞ்சு என் தலையில நிக்குது, முதலை பூடானோட தூரத்துல போயிட்டிருக்கு. நோலியா என் பெல்ட்டைப் பிடிச்சு இழுத்து அவ படகுல போட்டா.

"சிநேகத்தைப் பாத்தியா, குஞ்சை விட்டுடுச்சு"ன்னேன்.

"அது விடல. நீ நடுவுல விழுந்த"ன்னா.

இப்போ குஞ்சு என் அடுப்படியில, கம்போ குழம்பு காய்ச்சுற பெரிய பானைக்குள்ள குடியிருக்கு. தினம் காலையில நோலியா வாளியில பொடிமீன் கொண்டுவரா. உனக்கில்ல, குஞ்சுக்குன்னு சொல்லிட்டுத்தான் உள்ள வரா. மீனைப் பெருசா நறுக்குறேன்னு ஒரு குத்தம், பானையைக் கழுவலைன்னு ஒரு குத்தம். விழுந்ததுல அடிபட்ட என் முழங்காலுக்கு அவதான் கட்டுப் போட்டா, அதுலயும் நான் காலைச் சரியா நீட்டலையாம்.

ஆகவே, குஞ்சா பூடானா என்ற நிலையில் முதலை பூடானையே எடுத்தது என்பதைக் கண்ணால் கண்டவனாக உறுதி கூறுகிறேன். கதையை முதலையோடும், அதன் எல்லாப் பற்களோடும் அப்படியே அச்சிட வேண்டியது. மறுத்தால் குஞ்சோடு பஸ் ஏறி வந்து உன் அலுவலகத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

கொசு அண்டாமலும் கண் மங்காமலும் நீ நெடுங்காலம் பிழை திருத்தி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா ஓனெஸீம் பாரியோ

பி.கு.: உறையை ஒட்டறதுக்கு முன்னாடி கதையை நோலியாகிட்ட கொடுத்தேன். பன்னெண்டு பக்கத்தையும் ரெண்டு தடவை படிச்சா. "எல்லாப் பக்கத்துலயும் முதலைதான் கொக்குக்கு ஏதாவது செய்யுது. கொக்கு அதுக்கு என்ன செஞ்சுது?"ன்னு மட்டும் கேட்டா. அது கூடவே உக்காந்திருக்குல்லன்னேன். "உக்காந்திருக்கிறது சிநேகமா?"ன்னா. அவ கொண்டுவந்த மீனை எடுத்துக் குஞ்சுக்குப் போட்டேன். அதனால க்ளேலி, கதையைப் போடாதே, முதல் வரியிலேர்ந்து மாத்தணும். ஒரு வாரம் பொறுத்துக்கோ. அவ வீட்டுப் படித்துறையில ரெண்டு பலகை உளுத்துக் கெடக்கு, முதல்ல அதை மாத்திட்டு வந்துடறேன்.